சூழலில் சந்தித்து, நினைவில் நிறுத்துதல்: கடலூர் மாணவி ஒருவரின் ஆங்கிலச் சொற்பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பண்ருட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த அந்த மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, அரசுக் கல்லூரியில் கணிதத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர். பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வுக்கு, அதாவது எல்லோரும் சி.ஜி.எல். என்று சொல்லும் தேர்வுக்கு, இரண்டாம் முறையாகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, கடலூர் திருப்பாப்புலியூரில் நான் நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்தார். கணக்கில் அவருக்கு யாருடைய துணையும் தேவைப்படவில்லை. ஆங்கிலப் பகுதியில், அதிலும் ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், பத்தியின் இடைவெளியை நிரப்புதல் ஆகிய வினாக்களில்தான் அவர் மதிப்பெண்ணை இழந்துகொண்டிருந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தரவில்லை.

இத்தேர்வில் ஆங்கிலத்துக்கு உள்ள எடை பெரியது. 2022இல் நடைமுறைக்கு வந்த முறையின்படி, முதல் நிலையின் 100 வினாக்களில் 25 ஆங்கிலத்துக்கு உரியவை. இரண்டாம் நிலையில் 45 ஆங்கில வினாக்கள், வினாவுக்கு 3 மதிப்பெண் வீதம் 135 மதிப்பெண்ணுக்கு வருகின்றன. அந்நிலையில் தரவரிசைக்குக் கணக்கிடப்படும் 390 மதிப்பெண்ணில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். இந்த இரண்டாம் நிலையில் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். ஆகவே கணக்கில் எவ்வளவு வலுவாக இருந்தாலும், ஆங்கிலச் சொற்களில் தடுமாறும் ஒருவர் பட்டியலின் மேற்பகுதிக்கு வருவது கடினம். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்த ஓரிடத்தில்தான் பின்தங்குகிறார்கள் என்பதால், இந்த மாணவியின் பயிற்சியைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். இதிலிருந்து எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: நினைவுக்குறிப்பு, அதாவது தெரிந்த ஒலியோடோ படத்தோடோ இணைத்துச் சொல்லை நினைவில் வைக்கும் உத்தி, ஒரு சொல்லை மறக்காமல் காக்கும்; அச்சொல்லுக்கு எது பொருள், அப்பொருளின் எல்லை எது என்பதை வாக்கியம்தான் கற்பிக்கும். எனவே சூழல் முதலிலும், நினைவுக்குறிப்பு அதன் பின்னும், மீண்டும் சூழலும் என்ற வரிசையில் பயிற்சி அமைய வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் இருந்தவை

அவர் வரும்போதே கையில் ஒரு தடித்த நோட்டு இருந்தது. அதில் ஆங்கிலச் சொற்கள் அகரவரிசையில் எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல் பொருளாகத் தரப்பட்டிருந்தது. உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. பல பக்கங்களை அவர் மூன்று, நான்கு முறை எழுதிப் பார்த்திருந்தார்.

அந்த நோட்டிலிருந்தே சொற்களை எடுத்து மூன்று விதமாகச் சோதித்தேன். ஆங்கிலச் சொல்லைக் காட்டித் தமிழ்ப் பொருளைக் கேட்டபோது பெரும்பாலானவற்றுக்குச் சரியாகச் சொன்னார். தமிழ்ப் பொருளைச் சொல்லி ஆங்கிலச் சொல்லைக் கேட்டபோது பாதிக்கும் குறைவாகவே வந்தது. வாக்கியத்தில் இடைவெளி விட்டு, நான்கு சொற்களுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏறக்குறைய ஊகத்தின் அளவுக்கே விடைகள் அமைந்தன. இன்னொன்றும் தெரியவந்தது. பொருளைச் சொல்வதற்கு முன் அவர் கண்ணை மூடி, அச்சொல் நோட்டின் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். அதாவது பக்கத்தின் அமைப்பே அவருக்கு நினைவுக்குறிப்பாக இருந்தது. சொற்களை வரிசை மாற்றித் தனித்தனித் தாளில் எழுதிக் காட்டியதும், முதல் சோதனையின் வெற்றியும் கணிசமாகச் சரிந்தது.

நோட்டின் பெரிய குறை, தமிழ்ப் பொருள் தந்திருந்த விதத்தில் இருந்தது. ஆப்ஸ்டினட், ஆடமன்ட், டெனேஷியஸ், ரெசல்யூட் ஆகிய நான்குக்கும் எதிரே ‘பிடிவாதமான’ என்றே எழுதியிருந்தார். ஃப்ரூகல், பார்சிமோனியஸ் இரண்டுக்கும் ‘சிக்கனமான’. தேர்வு கேட்பதோ இவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை. ஒருவரின் முயற்சியைப் பாராட்டும் வாக்கியத்தில் டெனேஷியஸ் வரும்; அங்கே ஆப்ஸ்டினட் வந்தால் அது குறை சொல்வதாகிவிடும். இந்த வேறுபாடு தமிழில் இல்லாததன்று. விடாமுயற்சி, பிடிவாதம், அடம், மனவுறுதி என்று நாம் நாள்தோறும் பிரித்துத்தான் பேசுகிறோம். சிக்கனக்காரரைக் கஞ்சர் என்று சொன்னால் சண்டை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மலிவான வழிகாட்டி நூல்கள் தரும் ஒற்றைச்சொல் பொருள், தமிழ் அறிந்த ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள இந்த நுட்பத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. இதை நான் ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

1885இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பொருளற்ற அசைகளை வேண்டுமென்றே உருவாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்தார். பொருளற்ற அசைகளை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பழைய அறிவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒன்றை மனம் எப்படிக் கையாள்கிறது என்பதைப் பார்க்க விரும்பியதே. கற்ற முதல் சில மணி நேரங்களிலேயே மறதி மிக வேகமாக நிகழ்ந்து, பிறகு மெதுவாகிறது என்று அவர் கண்டார். சூழலின்றி, ஒலித்தொடர்பின்றி, அகரவரிசையில் அடுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் நம் மாணவிக்கு ஏறக்குறைய அந்த அசைகளின் நிலையிலேயே இருந்தன.

எதை வாசிப்பது

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எல்லோருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் படிக்க வேண்டும் என்பது. அவரும் அதை முயன்று, சில வாரங்களில் கைவிட்டிருந்தார். கைவிட்டதற்குச் சோம்பல் காரணமன்று. நியூசிலாந்தைச் சேர்ந்த சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷனும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டியபடி, துணையின்றி ஒரு பகுதியை நன்கு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல்தான் புதிதாக இருக்கலாம். தலையங்கத்தின் ஒரு வரியில் மூன்று சொற்கள் தெரியாத ஒருவரிடம், சூழலைக் கொண்டு பொருளை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது பயனற்றது. ஊகிக்க உதவ வேண்டிய சொற்களே அவருக்குத் தெரியாதவை.

எனவே மொழி கடினமாக இருந்தாலும் செய்தி தெரிந்ததாக இருக்கும் பகுதிகளைத் தேடினேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதன்பின் டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருமளவு நீரால் தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் வந்து, கடலூர்க் கரையோரப் பகுதிகளில் நீர் புகுந்தது. இது அவர் கண்ணால் கண்ட நிகழ்ச்சி. முதலில் தமிழ் நாளிதழில் வந்த செய்தியையும், அடுத்து அதே நாளின் ஆங்கிலச் செய்தியையும் வாசிக்கச் செய்தேன். தெருக்கள் ‘இனண்டேட்’ ஆயின, கரையில் ‘பிரீச்’ ஏற்பட்டது, குடும்பங்கள் ‘மரூண்’ ஆயின, மழை ‘அபேட்’ ஆனதும் மீட்புப் பணி தொடங்கியது, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு ‘சொலேஷியம்’ அறிவிக்கப்பட்டது என்று வரிக்கு வரி வந்த சொற்களை அவர் அகராதியைத் திறக்காமலே பெரும்பாலும் சரியாக ஊகித்தார். நீர் சூழ்ந்து வெளியேற வழியில்லாமல் நின்ற வீடுகளை அவர் பார்த்திருந்தார். ‘மரூண்’ என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்வகைச் சொற்களில் இன்னொரு வசதியும் இருந்தது. வெள்ளச் செய்தியில் நேர்ப்பொருளில் வரும் சொல், வேறு செய்தியில் விரிந்த பொருளில் வரும். நீரில் மூழ்கிய தெருவைச் சொன்ன அதே இனண்டேட், ஒரு துறைக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்ததையும் சொல்லும். கரையில் ஏற்பட்ட பிரீச், ஒப்பந்தத்தை மீறியதையும் சொல்லும். முதற்பொருள் கண்முன் நிற்கும்போது விரிந்த பொருள் தானாகவே பிடிபடுகிறது. நாமும் ‘புகார்கள் வெள்ளமாக வந்தன’ என்று எழுதுகிறோமல்லவா!

ஆனால் சூழலை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஓர் அதிகாரி வெள்ளப் பகுதியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பியதை ‘பர்ஃபங்க்டரி’ பார்வையிடல் என்று வகுப்புக்காக நான் எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியம் சொன்னது. மாணவி ‘குறுகிய நேரம்’ என்று ஊகித்தார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நியாயமான ஊகம்தான். இரண்டு மணி நேரம் நடந்த ஒரு விசாரணையையும் அதே சொல் குறித்த இன்னொரு வாக்கியத்தைத் தந்த பிறகே, அது நேரத்தைப் பற்றியதன்று, மனம் ஒன்றாமல் கடமைக்குச் செய்வதைப் பற்றியது என்பது அவருக்கு விளங்கியது. ‘கடனேன்னு செய்றது மேடம்’ என்று அவரே சொன்னார். அதைவிடச் சரியான பொருளை நான் தந்திருக்க முடியாது. இயல்பான வாசிப்பில் எதிர்ப்படும் புதிய சொற்களில் சுமார் 15 விழுக்காடே கற்கப்படுகின்றன என்று, முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் வெளியான ஸ்வான்போர்ன், டி க்ளாப்பர் ஆகியோரின் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கணக்கில் வாசிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது போதும். சில மாதங்களில் தேர்வெழுதப் போகிறவருக்குப் போதாது. இங்கேதான் நினைவுக்குறிப்பு தேவையாகிறது.

ஒலியும் படமும்

1975இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் அட்கின்சன், மைக்கேல் ராவ் ஆகிய இருவரும், ரஷ்ய மொழி கற்போரிடம் ‘திறவுச்சொல் முறை’யைச் சோதித்தனர். புதிய சொல்லின் ஒலியை ஒத்த தாய்மொழிச் சொல் ஒன்றைத் தேர்ந்து, அந்தச் சொல்லையும் புதிய சொல்லின் பொருளையும் ஒரே மனக்காட்சியில் இணைப்பது அம்முறை. 120 ரஷ்யச் சொற்களை மூன்று நாட்களில் கற்ற பின் நடந்த சோதனையில், இம்முறையைப் பயன்படுத்தியோர் 72 விழுக்காடும் மற்றோர் 46 விழுக்காடும் சரியாகச் சொன்னார்கள்.

தமிழில் இதைச் செய்ய முனைந்தபோது கிடைத்த வளம் எனக்கே வியப்பளித்தது. குறைவாகப் பேசுபவரைக் குறிக்கும் ‘லகோனிக்’ என்பதற்கு ‘லகான்’: வாயில் லகான் போட்ட குதிரை. கஞ்சத்தனத்தைக் குறிக்கும் ‘பார்சிமோனியஸ்’ என்பதற்கு ‘பர்ஸ்’: திறக்கவே திறக்காத பர்ஸ். மழையோ வலியோ தணிவதைச் சொல்லும் ‘அபேட்’ என்பதற்கு ‘அப்பாடா’: மழை விட்டதும் வாசலுக்கு வந்து மூச்சு விடும் பாட்டி. இவற்றை மாணவியே உருவாக்கினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். நான் ஆயத்தமாகத் தந்த குறிப்புகளைவிட, அவர் யோசித்து உருவாக்கியவை நன்றாக நிலைத்தன. தேடும்போதே சொல்லின் ஒலியையும் பொருளையும் பலமுறை மனத்தில் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தவை, ஒலியோடு பொருளும் தானாகவே ஒத்துப்போகும் சொற்கள். ‘மிட்டிகேட்’ என்றால் கடுமையை மட்டுப்படுத்துதல். ‘மட்டு’ என்பதே திறவுச்சொல். ‘காலஸ்’ என்றால் இரக்கமற்ற, ‘கல்’ நெஞ்சு. ‘குவெருலஸ்’ என்றால் எப்போதும் ‘குறை’ சொல்லிக்கொண்டே இருப்பவர். ‘நாய்சம்’ என்பது சத்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியால் நெருங்கியிருப்பதால் தேர்வில் பலரை ஏமாற்றும். உண்மையில் அது உடலுக்குக் கேடான, சகிக்க முடியாத நாற்றத்தைக் குறிப்பது. அதற்கு ‘நோய்’ என்பதைத் திறவுச்சொல்லாக வைத்து, வெள்ளத்துக்குப் பிறகு நாட்கணக்கில் தேங்கி நின்ற நீரின் வாடையைக் காட்சியாக இணைத்த பின், அவர் அதில் ஒருமுறையும் தவறவில்லை.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். இந்த ஒற்றுமைகள் தற்செயலானவை. காலஸ் என்பது தடித்த தோலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆடமன்ட் என்பது, உடைக்க முடியாதது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வைரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே மூலம். ‘ஆடமன்ட் என்பது நம் அடம்தான்’ என்று வகுப்பில் சொல்லும்போது, அது நினைவுக்கு மட்டுமே உரிய உத்தி என்பதையும் உடன் சொல்லிவிடுவது ஆசிரியரின் கடமை. மாணவர்கள் அதைச் சொல்லாராய்ச்சி என்று நம்பிப் பிறருக்கும் பரப்பிவிடுகிறார்கள்.

ஒலியைக் கொண்டு சொல்லை மனத்தில் நிறுத்துவது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்துதான் பிள்ளைகள் சொல்வளம் பெற்றார்கள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்தது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் அதன் பதினொன்றாம் தொகுதி, எதுகை வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிகண்டோடு படிப்பு முடிந்துவிடவில்லை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று பாடம் கேட்கும்போது அதே சொற்களைப் பாட்டுக்குள் மீண்டும் மீண்டும் சந்தித்தார்கள். இன்றைய போட்டித் தேர்வுப் பயிற்சி முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

திறவுச்சொல் பொருளைத் திரித்த இடங்கள்

பயிற்சியின் நடுவே தெரியவந்த ஒரு சிக்கல்தான் இந்நிகழ்வின் மிக முக்கியமான பகுதி. ‘கேஜோல்’ என்ற சொல்லுக்கு அவர் ‘கெஞ்சல்’ என்று திறவுச்சொல் வைத்திருந்தார். ஒலி நெருக்கமாக இருந்தது, சொல்லும் மறக்கவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தில், பசியால் வாடும் ஒருவர் உணவுக்காக மன்றாடும் இடத்தில் கேஜோல் என்பதை நிரப்பினார். கேஜோல் என்பது புகழ்ந்தும் நயந்தும் பேசி ஒருவரைத் தம் வழிக்குக் கொண்டுவருவது. அதில் தந்திரம் உண்டு. கெஞ்சலில் தந்திரம் இல்லை, இயலாமைதான் உண்டு. ஒலி பிடித்திருந்ததால் தமிழ்ச் சொல்லின் பொருள் ஆங்கிலச் சொல்லின் மேல் ஏறிவிட்டது. ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட இது ஆபத்தானது. தெரியாதவர் வினாவை விட்டுவிடுவார். இப்படித் தெரிந்தவர் உறுதியோடு தவறான விடையைக் குறித்து, ஒரு மதிப்பெண்ணைக் கூடுதலாகவும் இழப்பார்.

ஆடமன்டிலும் இதன் சாயல் இருந்தது. அடம் என்பதைக் குழந்தைக்கோ, குழந்தைபோல் நடப்பவருக்கோ சொல்கிறோம். ஆங்கிலச் செய்தியில் ஓர் அமைச்சரோ தொழிற்சங்கமோ தம் நிலையில் ஆடமன்டாக இருப்பதாக வரும்போது, அதில் சிறுபிள்ளைத்தனம் என்ற குறிப்பு இல்லை. பேசி மாற்ற முடியாத உறுதி மட்டுமே உண்டு.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வு எளியது. வாக்கியத்தில் குறைந்தது இரண்டு முறை சந்திக்காத எந்தச் சொல்லுக்கும் திறவுச்சொல் உருவாக்கக் கூடாது. உருவாக்கிய பின், திறவுச்சொல்லின் பொருளும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் எங்கே பிரிகின்றன என்று ஒரு வரி தமிழில் எழுத வேண்டும். கேஜோலுக்கு அவர் கெஞ்சலை விட்டுவிட்டு ‘கொஞ்சல்’ என்பதை வைத்து, மருந்து குடிக்க மறுக்கும் குழந்தையைக் கொஞ்சிப் பேசிக் குடிக்கவைக்கும் தாயைக் காட்சியாக்கினார். அதன்கீழ், ‘கொஞ்சுவது அன்புக்காக, இது காரியத்துக்காக’ என்று எழுதினார். அந்த வரிக்குப் பிறகு அச்சொல்லில் குழப்பம் எழவில்லை.

காட்சியாக்கவே முடியாத சொற்களும் உண்டு. ‘ஆஸ்டென்சிபிள்’ என்பதற்கு எந்தப் படத்தை வரைவது? இங்கே வாக்கியம் மட்டுமே உதவியது. வெளியில் சொல்லப்பட்ட காரணம் ஒன்று, உண்மைக் காரணம் வேறொன்று என்று இரண்டையும் அருகருகே வைக்கும் வாக்கியங்களில்தான் அச்சொல் பெரும்பாலும் வரும். ‘பேருக்குச் சொன்ன காரணம்’ என்ற தமிழ் வழக்கோடு அந்த வாக்கிய அமைப்பையே மனத்தில் பதித்துக்கொண்டார். ‘ஆல்பீட்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ போன்ற இணைப்புச் சொற்களுக்கும் இதுவே வழி.

அட்டைகள்

மீள்பார்வைக்கு, ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டி முறையைப் பின்பற்றினோம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போய், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும். தவறியது முதல் அறைக்கே திரும்பும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் எழுதாத பக்கத்தை வெட்டி அவரே அட்டைகள் செய்துகொண்டார். நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் வரும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்த நாட்களில், ஒரு கட்டு அட்டையை முடித்துவிட்டே இறங்குவார்.

வழக்கமான அட்டையில் ஒருபுறம் சொல், மறுபுறம் பொருள் இருக்கும். நாங்கள் முன்புறத்தில் இடைவெளி விட்ட ஆங்கில வாக்கியத்தையும் சொல்லின் முதலெழுத்தையும் எழுதினோம். பின்புறத்தில் சொல், தமிழ்ப் பொருள், திறவுச்சொல், எல்லை காட்டும் அந்த ஒரு வரி. இதனால் ஒவ்வொரு மீள்பார்வையும் சொல்லை நினைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் பயிற்சியாயிற்று. 2008இல் கார்ப்பிக்கே, ரோடிகர் ஆகியோர் சுவாஹிலிச் சொற்களை வைத்து நடத்திய சோதனை இதற்கு வலுவான ஆதாரம். ஒருமுறை சரியாகச் சொன்ன சொற்களையும் தொடர்ந்து சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு சுமார் 80 விழுக்காடு நினைவில் வைத்திருந்தனர். சோதிப்பதை நிறுத்தியவர்களிடம் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. மீண்டும் மீண்டும் படித்ததால் மட்டும் அந்த அளவு உயரவில்லை.

ஒருபொருட்சொற்களை ஒரே நாளில் கொத்தாகப் படிப்பதையும் நிறுத்தினோம். பொருளால் நெருங்கிய புதிய சொற்களைச் சேர்த்துக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பி, கற்றல் மெதுவாகும் என்பதை 1990களில் தாமஸ் டிங்கமின் சோதனைகள் காட்டின. வழிகாட்டி நூல்கள் எல்லாம் கொத்தாகவே தருகின்றன. அதனால் டெனேஷியஸ் உறுதிப்பட்ட சில வாரங்களுக்குப் பிறகே ஆப்ஸ்டினட்டுக்கு அட்டை எழுதினார்.

புதுச்சேரி மாணவர் ஒருவரோடு ஒப்பீடு

அதே காலத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வந்த மாணவர் ஒருவர், பள்ளியில் பிரெஞ்சை மொழிப்பாடமாகப் படித்தவர். அவருக்குப் பல சொற்களில் திறவுச்சொல்லே வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தின் கடினச் சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சு வழியாகவோ நேராக லத்தீனிலிருந்தோ வந்தவை. டேசிடர்ன் (அதிகம் பேசாத), எஃபெமரல் (நிலைக்காத), லொக்வேஷியஸ் (ஓயாமல் பேசும்) ஆகியவற்றின் பிரெஞ்சு வடிவங்களை அவர் அறிந்திருந்தார். அவருக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ‘சென்சிபிள்’ என்பதற்குப் பிரெஞ்சில் எளிதில் உணர்ச்சிவசப்படும் என்பது பொருள், ஆங்கிலத்தில் விவேகமான. இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே வடிவில் உள்ள ‘ஈவென்ச்சுவலி’, பிரெஞ்சில் ஒருவேளை நடக்கலாம் என்றும் ஆங்கிலத்தில் இறுதியில் நடந்தது என்றும் பொருள்படும். கெஞ்சல் செய்த வேலையை இவருக்குப் பிரெஞ்சு செய்தது. இவரும் வாக்கியங்களைக் கொண்டே அதிலிருந்து வெளியே வந்தார்.

இவரிடமிருந்து நம் மாணவி எடுத்துக்கொண்டது வேர்ச்சொல் வழி. பேசுதல் என்ற பொருளுடைய லத்தீன் வேர் லொக்வேஷியஸ், எலக்வென்ட் (நாவன்மையுள்ள), கொலோக்வியல் (பேச்சுவழக்கான), சொலிலக்வி (தனக்குத்தானே பேசும் தனிமொழி) ஆகிய நான்கிலும் இருப்பதை அறிந்ததும், நான்கையும் அவர் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ‘எனர்வேட்’ என்பதை ஊக்கப்படுத்துதல் என்று பலரும் தவறாகக் கொள்வார்கள். நரம்பை வெளியே எடுத்துவிடுதல் என்ற அதன் லத்தீன் அமைப்பைத் தெரிந்துகொண்டவருக்கு, தளரச் செய்தல் என்ற சரியான பொருள் மறக்காது.

விளைவு

சில மாதங்களுக்குப் பிறகு, தொடக்கத்தில் நடத்திய மூன்று சோதனைகளையும் புதிய வாக்கியங்களோடு மீண்டும் நடத்தினேன். இடைவெளி நிரப்புதலில்தான் முன்னேற்றம் மிகத் தெளிவாக இருந்தது. முன்பு ஊகமாக இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலான விடைகள் சரியாக இருந்தன. ஏன் மற்ற மூன்று சொற்கள் பொருந்தவில்லை என்று தமிழில் விளக்கவும் அவரால் முடிந்தது. மரபுத்தொடர் வினாக்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அவற்றுக்கு இந்த முறை போதவில்லை.

நேரம் பற்றி எனக்கு இருந்த கவலை ஓரளவு தீர்ந்தது. முதல் நிலைத் தேர்வில் 100 வினாக்களுக்கு 60 நிமிடம், வினாவுக்கு 36 நொடி. லகோனிக் என்று கண்டதும் லகானை நினைத்து, குதிரையை நினைத்து, பிறகு பொருளுக்கு வந்து சேர்ந்தால் அந்த நேரத்துக்குள் விடையளிப்பது கடினம். பல வாக்கியங்களில் சந்தித்த சொற்களுக்குத் திறவுச்சொல் தானாகவே உதிர்ந்துவிட்டது. ‘இப்பல்லாம் குதிரை வர்றதில்ல மேடம், நேரா அர்த்தம்தான் வருது’ என்றார். அட்டையில் மட்டும் பார்த்து, வாசிப்பில் எதிர்ப்படாத சொற்களுக்கு அந்தச் சுற்றுவழி அப்படியே இருந்தது. அவற்றைக் கண்டறிந்து, மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கும் ஆங்கில இதழ்களில் தேடி வாசிப்பதே அதற்கு அடுத்த மாதத்தின் வேலையாக அமைந்தது.

தமிழ்த் திறவுச்சொல்லின் ஒரு பக்கவிளைவு எழுத்துக்கூட்டலில் தெரிந்தது. மிட்டிகேட் என்பதை ‘மட்டு’ என்று நினைவில் வைத்திருந்ததால், ஒற்றை ‘டீ’ வரவேண்டிய இடத்தில் இரண்டு எழுதினார். ஆடமன்டின் கடைசி அசையில் ‘ஏ’க்குப் பதில் ‘ஈ’ எழுதினார். பிழையாக எழுதப்பட்ட சொல்லைக் கண்டுபிடிக்கும் வினாக்களும் இத்தேர்வில் வருவதால் இதை அப்படியே விட முடியாது. இப்போது ஒவ்வொரு அட்டையிலும் விடையை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், பின்புறத்தைத் திருப்புமுன் சொல்லை ஒருமுறை எழுதிப் பார்க்கிறார். தவறும் எழுத்தைச் சிவப்பு மையால் அட்டையில் குறித்துவைக்கிறார்.